ஈக்களின் அதிபதி: எதிர்வினைக் கட்டுரை எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' நாவலைப் படித்துவிட்டு எதிர்வினைக் கட்டுரை எழுத வேண்டிய மாணவர்களுக்குப் பல வருடங்களாக உதவி செய்து வருகிறேன். வருடா வருடம் ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும், அதை மறைக்கவில்லை. கதையின் முடிவு வரை எல்லாவற்றையும் பேசுவதால், நாவலை இன்னும் படிக்காதவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வருவது நல்லது.

எதிர்வினைக் கட்டுரைன்னா என்ன? கதைச் சுருக்கம்தானே?

இல்லை. கதையில் என்ன நடந்தது என்று சொன்னால் அது சுருக்கம். எந்த இடத்தைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன ஆயிற்று, அந்த இடத்தில் அப்படி என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னால் அது எதிர்வினை. "ராஜர் ஹென்றியை நோக்கிக் கல் எறிந்தான்" என்பது சுருக்கம். "ராஜர் கல் எறிந்ததைவிட, மேலே படாமல் பார்த்துப் பார்த்து எறிந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது" என்று ஒரு மாணவி எழுதினாள். அது எதிர்வினை. அந்த ஒரு வரியை வைத்தே அவளால் இரண்டு பக்கம் எழுத முடிந்தது.

"மனதை உலுக்கியது", "நெஞ்சைத் தொட்டது" மாதிரியான வரிகளை எழுதி முடித்தபிறகு அடித்துவிடுங்கள். எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துகிற வரி இந்தப் புத்தகத்துக்குத் தேவையில்லை.

கட்டுரையில "நான்"னு எழுதலாமா?

தாராளமாக. ஆனால் ஒவ்வொரு "எனக்குத் தோன்றியது"க்கும் பக்கத்தில் நாவலிலிருந்து ஒரு காட்சி நிற்க வேண்டும்.

கதை என்னன்னு ஒரு தடவை சுருக்கமாச் சொல்லிடுங்களேன், ஞாபகப்படுத்திக்கத்தான்.

போர்க்காலம். பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகப்பட்ட பிரிட்டிஷ் சிறுவர்களின் விமானம் சுடப்பட்டு, ஆளில்லாத் தீவு ஒன்றில் விழுகிறது. பெரியவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. சிறுவர்களில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், சின்னவர்களுக்கு ஆறு. ரால்ஃப் ஒரு சங்கை ஊதி எல்லோரையும் கூட்டுகிறான், தலைவனாகிறான். சங்கைக் கையில் வைத்திருப்பவன்தான் பேசலாம், மலை உச்சியில் புகை எழுப்பித் தீயை அணையாமல் காக்க வேண்டும் என்று விதிகள் வருகின்றன. மூக்குக்கண்ணாடி போட்ட, ஆஸ்துமா உள்ள பிக்கி அவனுக்கு யோசனை சொல்கிறான். பாடகர் குழுவின் தலைவனான ஜாக்குக்குப் பன்றி வேட்டையில்தான் மனசு.

தீயைக் காக்க வேண்டியவர்கள் வேட்டைக்குப் போன நேரத்தில் கடலில் ஒரு கப்பல் கடந்து போகிறது. காட்டில் ஏதோ மிருகம் இருக்கிறது என்ற பயம் பரவுகிறது. ஜாக் பிரிந்துபோய்த் தனிக்கூட்டம் சேர்க்கிறான். மிருகம் என்று நினைத்தது ஒரு பிணம் என்ற உண்மையைச் சொல்ல வந்த சைமனை, இருட்டில், ஆட்ட வெறியில் அடித்தே கொல்கிறார்கள். பிக்கியின் கண்ணாடி திருடப்படுகிறது, பிறகு பிக்கியே பாறை உருட்டிக் கொல்லப்படுகிறான். கடைசியில் ரால்ஃபைப் பிடிக்கத் தீவுக்கே தீ வைக்கிறார்கள். அந்தப் புகையைப் பார்த்துக் கடற்படை அதிகாரி ஒருவர் வந்து சேர்கிறார்.

மொத்தம் 12 அத்தியாயங்கள். திரும்பப் படிக்க நேரம் குறைவு என்றால் 4, 5, 9 மூன்றையாவது படித்துவிடுங்கள். கட்டுரைக்கான சரக்கு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது.

எழுதினவரைப் பத்திச் சொல்லணுமா? எவ்வளவு?

ஒரு பத்தி போதும், அதுவும் நாவலோடு ஒட்டுகிற அளவுக்குத்தான். கோல்டிங் 1911-ல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். அதாவது தினமும் சிறுவர்கள் கூட்டத்தின் நடுவில் நின்றவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தார், 1944-ல் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியபோது ஒரு ராக்கெட் படகுக்குப் பொறுப்பாளராக இருந்தார். இந்த இரண்டும் சேர்ந்துதான் இந்த நாவல். தீவில் மாட்டிக்கொண்ட சிறுவர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி எழுதினால் என்ன என்று மனைவியிடம் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

முதலில் வைத்த தலைப்பு வேறு: 'உள்ளிருந்து வந்த அந்நியர்கள்' என்று பொருள்படும். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஃபேபர் நிறுவனத்திலும் முதலில் படித்தவர் வேண்டாம் என்றுதான் ஒதுக்கினார். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த சார்லஸ் மான்டீத் அதைக் கையிலெடுத்துச் செப்பனிடவைத்ததால் 1954-ல் வெளிவந்தது. 1983-ல் கோல்டிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

தலைப்புல வர்ற "ஈக்களின் அதிபதி" யாரு?

பன்றித்தலை. எட்டாம் அத்தியாயத்தில் ஜாக்கின் கூட்டம் ஒரு தாய்ப்பன்றியைக் கொன்று, இரண்டு முனையும் சீவிய கம்பில் தலையைக் குத்தி, மிருகத்துக்குக் காணிக்கையாக நட்டுவிட்டுப் போகிறது. அதை ஈ மொய்க்கிறது. பெயல்செபூப் என்ற எபிரேயப் பெயருக்கு ஈக்களின் அதிபதி என்று பொருள், அது சாத்தானுக்கான பெயரும்கூட.

அந்தத் தலை சைமனோடு பேசுகிறது. மிருகத்தை வேட்டையாடிக் கொல்ல முடியும் என்று நினைத்தாயா, நான் உனக்குள்ளேதானே இருக்கிறேன் என்கிற மாதிரி. உண்மையாகவே பேசியதா, மயக்கம் வருகிற பழக்கமுள்ள சைமனின் பிரமையா என்று நாவல் தீர்ப்புச் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். அந்தக் கம்பின் இரண்டு முனைகளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அத்தியாயத்தில் ஜாக்கின் கூட்டத்து ராஜர் அதே மாதிரி ஒரு கம்பைச் சீவியிருக்கிறான் என்று சாம், எரிக் என்ற இரட்டையர் ரால்ஃபிடம் சொல்வார்கள். ஏன் என்று அவனுக்குப் புரியாது. வாசகருக்குப் புரிந்துவிடும்.

சங்குன்னா ஜனநாயகம், கண்ணாடின்னா அறிவியல், மிருகம்னா பயம். இப்படி எழுதினாப் போதுமா?

இது எல்லோரும் எழுதுவது. தப்பில்லை, ஆனால் பட்டியல் போட்டதும் யோசனை நின்றுவிடுகிறது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது ஒவ்வொரு காட்சியிலும் என்ன பாடுபடுகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள்.

சங்கையே எடுப்போம். அது என்னவென்று தெரிந்தவன் பிக்கி. எப்படி ஊதுவது என்று சொல்லித் தருகிறவனும் அவன்தான். ஆஸ்துமாவால் அவனால் ஊத முடியாது, அதனால் ரால்ஃப் ஊதுகிறான், பெயரும் ரால்ஃபுக்குப் போகிறது. இரண்டாம் அத்தியாயத்திலேயே, மலை உச்சியில் சங்கு செல்லாது என்று ஜாக் சொல்லிவிடுகிறான். விதி பிறந்த அன்றே அதற்கு எல்லையும் கிழித்தாகிவிட்டது! எட்டாம் அத்தியாயத்தில் அதே ஜாக் சங்கைக் கையில் பிடித்து, ரால்ஃப் தலைவனாக இருக்கக் கூடாது என்பவர்கள் கை தூக்குங்கள் என்று முறைப்படி கேட்கிறான். ஒரு கைகூட எழவில்லை. அழுதுகொண்டே போகிறான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பத்தாம் அத்தியாயம். இரவில் ஜாக்கின் ஆட்கள் குடிசைக்குள் புகுந்து அடிக்கிறார்கள். சங்கைத் திருடத்தான் வந்திருக்கிறார்கள் என்று பிக்கி பயப்படுகிறான். வெளியே வந்து பார்த்தால் சங்கு வைத்த இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. போனது கண்ணாடி. சங்கு யாருக்கும் தேவைப்படவில்லை. பதினோராம் அத்தியாயத்தில் அது பிக்கியோடு சேர்ந்து நொறுங்குவதைவிட, திருடக்கூட ஆளில்லாமல் கிடந்த இந்த இரவுதான் எனக்குக் கனமாகப் படுகிறது. (தமிழில் "சங்கு ஊதியாச்சு" என்றால் வேறு அர்த்தம் வந்துவிடும். சிரிப்பாக இருந்தாலும் அதைக் கட்டுரைக்குள் கொண்டுவராதீர்கள். மூன்று பேர் ஏற்கெனவே முயன்றுவிட்டார்கள்.)

பிக்கிக்குக் கிட்டப்பார்வை. அந்தக் கண்ணாடியால தீ மூட்டவே முடியாதே?

முடியாது. கிட்டப்பார்வைக்குப் போடுவது குழிவில்லை, அது ஒளியைச் சிதறடிக்கும், குவிக்காது. தீ மூட்டக் குவிவில்லை வேண்டும், அது தூரப்பார்வைக்காரர்களின் கண்ணாடியில் இருப்பது. கோல்டிங்குக்குச் சறுக்கிய இடம் இது, பல காலமாகச் சுட்டிக்காட்டப்பட்டும் வருகிறது.

இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் கட்டுரை முழுவதையும் இதற்கே செலவழித்துவிட வேண்டாம். ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

பிக்கியோட நிஜப் பேரு என்ன?

நாவலில் எங்கேயும் வராது. யாரும் கேட்கவில்லை, அதுதான் காரணம். முதல் அத்தியாயத்தில் அவன் ரால்ஃபின் பெயரைக் கேட்கிறான், தன் பெயரையும் கேட்பான் என்று காத்திருக்கிறான், ரால்ஃப் கேட்பதில்லை. பள்ளியில் வைத்த பட்டப்பெயரை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறான். கொஞ்ச நேரத்தில் ரால்ஃபே கூட்டத்தில் அதைப் போட்டு உடைத்துவிடுகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். ரால்ஃபை முழு நல்லவன் என்று எழுதப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை ஒரு தடவை புரட்டிவிட்டு எழுதுங்கள்.

பெரியவங்க இல்லாததாலதான் பசங்க கெட்டுப்போனாங்க. இதுதானே நாவலோட கருத்து?

நூற்றுக்குத் தொண்ணூறு கட்டுரை இப்படித்தான் தொடங்குகிறது. என் கருத்து நேரெதிர். அந்தத் தீவில் பெரியவர்கள் இல்லை என்று சொல்வதே சரியில்லை. மூன்று தடவை வருகிறார்கள், எண்ணிப் பாருங்கள்.

முதல் வருகை விமானம். சிறுவர்கள் தீவுக்கு வந்ததே பெரியவர்கள் நடத்தும் போரால்தான். அணுகுண்டைப் பற்றி விமானி சொன்னதைக் கேட்கவில்லையா என்று பிக்கி முதல் அத்தியாயத்திலேயே கேட்கிறான். இரண்டாவது வருகைதான் அசல் அடி. ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசியில், கூட்டம் குழம்பிக் கலைந்தபிறகு, ரால்ஃப், பிக்கி, சைமன் மூவரும் இருட்டில் உட்கார்ந்து பெரியவர்களை நினைத்து ஏங்குகிறார்கள். பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும், இருட்டைக் கண்டு பயப்பட மாட்டார்கள், சண்டை போடாமல் பேசித் தீர்ப்பார்கள் என்கிறார்கள். அவர்களிடமிருந்து ஒரு அடையாளமாவது வராதா என்கிறான் ரால்ஃப். அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே வருகிறது: வானில் நடந்த சண்டையில் செத்துப்போன ஒருவனின் உடல் பாராசூட்டில் தொங்கியபடி மலை உச்சியில் வந்து இறங்குகிறது. காற்று அடிக்கும்போதெல்லாம் கயிறு இழுத்து உடல் நிமிர்கிறது, காற்று விட்டால் குனிகிறது. அதைத்தான் மிருகம் என்று பயந்து ஓடுகிறார்கள். மூன்றாவது வருகை கடைசிப் பக்கத்து அதிகாரி. அவரைப் பற்றிக் கீழே வரும்.

மூன்று பேரும் போரிலிருந்து நேராக வந்தவர்கள். பெரியவர்கள் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது, எந்தப் பெரியவர்கள்?

ராஜர் ஏன் கல்லைப் படாம எறிஞ்சான்? அதுல அப்படி என்ன இருக்கு?

நாலாம் அத்தியாயம். ஹென்றி என்ற பொடியன் அலை ஓரத்தில் குந்தி, மணலில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உயிர்களைக் குச்சியால் இப்படியும் அப்படியும் ஓட்டி விளையாடுகிறான். தான் சொன்னபடி ஏதோ நகர்கிறது என்பதே அவனுக்குச் சந்தோஷம். பனை மரத்துக்குப் பின்னால் ராஜர். ஒரு கல்லை எடுக்கிறான், ஹென்றியை நோக்கி எறிகிறான், தவறுகிற மாதிரி. மறுபடியும், மறுபடியும். ஹென்றியைச் சுற்றி ஐந்தரை மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம் இருக்கிறது, அதற்குள் எறிய அவனுக்குக் கை வரவில்லை. அப்பா அம்மா, பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து அந்தப் பொடியனைச் சுற்றி நிற்கின்றன என்கிறார் கோல்டிங்.

மேலே பெரியவர்கள் மூன்று தடவை வருகிறார்கள் என்றேன். நாலாவதாக இதையும் சேர்க்கலாம்: ராஜரின் தோள்பட்டைக்குள் இருக்கிறார்கள். பிறகு இந்தக் கல்லைத் தொடருங்கள். பதினோராம் அத்தியாயத்தில், ஜாக்கின் கூட்டம் தங்கும் கோட்டைப் பாறைக்கு மேலே நிற்கும் ராஜர், இரட்டையர் சாமுக்கும் எரிக்குக்கும் நடுவில் ஒரு சின்னக் கல்லை எறிகிறான், அப்போதும் படாமல்தான். சில பக்கங்கள் கழித்து நெம்புகோலில் முழு எடையையும் போட்டுச் சாய்கிறான். அதுவும் கல்தான், அளவு மட்டும் வேறு. பிக்கி விழுகிறான். திடீரென்று ஒருநாள் பசங்க மாறிவிட்டார்கள் என்று எழுத இந்த மூன்று கற்களும் இடம் கொடுக்காது.

சைமனைக் கொன்னது ஜாக்கோட கூட்டம்தானே?

இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் எழுதித்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த வட்டத்தில் ரால்ஃபும் இருந்தான், பிக்கியும் இருந்தான். இடி, மின்னல், பயம். ஆடிக்கொண்டிருக்கும் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு இடம் கிடைத்தது அவர்களுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. சைமன் காட்டிலிருந்து தவழ்ந்து வந்து, மலைமேல் இருப்பது பிணம் என்று சொல்ல வாயெடுக்கிறான். யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் காலைப் பேச்சை வரி வரியாகப் படியுங்கள். அது கொலை என்கிறான் ரால்ஃப். இருட்டாக இருந்தது, அது விபத்து, நாம் ஓரமாகத்தான் இருந்தோம் என்கிறான் பிக்கி. இரட்டையர் வருகிறார்கள், களைப்பாக இருந்ததால் முன்னாடியே கிளம்பிவிட்டோம் என்கிறார்கள். ரால்ஃபும் பிக்கியும் உடனே தாங்களும் சீக்கிரம் கிளம்பிவிட்டதாக ஒத்துப் பாடுகிறார்கள். நாலு பேருக்கும் தெரியும், நாலு பேரும் தெரியாத மாதிரி பேசுகிறார்கள்.

ஒரு இலக்கணச் சமாசாரம். மாணவர்கள் இந்த இடத்தில் "சைமன் கொல்லப்பட்டான்" என்று செயப்பாட்டு வினையில் எழுதுகிறார்கள். யார் கொன்றது என்று சொல்லாமல் தப்பிக்க அது வசதி. பிக்கி செய்ததையே நாமும் செய்கிறோம். "கொன்றார்கள்" என்று எழுதிப் பாருங்கள், அடுத்த வாக்கியத்தில் எழுவாயைத் தேட வேண்டிவரும். கட்டுரை அங்கே சூடுபிடிக்கும்.

"மனுஷன் இயல்பிலேயே கெட்டவன்"னு முடிச்சிடலாமா?

முடிக்கலாம், கோல்டிங்கே ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் சாய்வார். ஆனால் சைமனை என்ன செய்வீர்கள்? மூன்றாம் அத்தியாயத்தில் சின்னப் பசங்களுக்கு எட்டாத பழங்களை அவன் பறித்துக் கை நிறையக் கொடுக்கிறான். யாரும் பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை. ஜாக்கின் கூட்டத்தில் அடித்துச் சேர்க்கப்பட்ட இரட்டையர், ரால்ஃபுக்கு உணவும் தகவலும் கொடுக்கிறார்கள். மறுநாள் அடி தாங்காமல் அவன் ஒளிந்திருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறார்கள். இவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா? ஒற்றை வரித் தீர்ப்பு இவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நிஜமாவே ஆறு பசங்க தீவுல மாட்டிக்கிட்டு ஒத்துமையா இருந்தாங்களாமே. அதை வெச்சு நாவல் பொய்னு எழுதலாமா?

நடந்தது உண்மை. 1965-ல் டோங்கா நாட்டில், விடுதிப் பள்ளியில் படித்த ஆறு பையன்கள் ஒரு படகை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். புயலில் பாய் கிழிந்து, நாள்கணக்கில் மிதந்து, ஆட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். 15 மாதம் அங்கே இருந்தார்கள். தோட்டம் போட்டார்கள், தீயை அணையவிடாமல் காத்தார்கள், சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய்க் கோபம் தணிந்தபிறகு திரும்பினார்கள். ஒருவனுக்குக் கால் உடைந்தபோது மற்றவர்கள் கட்டுப்போட்டுச் சரிசெய்தார்கள். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல்காரர் கண்டுபிடித்தார். 2020-ல் ருட்கர் பிரெக்மன் என்ற டச்சு எழுத்தாளர் எழுதியபிறகு இது உலகம் முழுக்கப் பரவியது.

கட்டுரையில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் "ஆகவே கோல்டிங் தோற்றார்" என்று கொடி நாட்டாதீர்கள். அவர்கள் ஆறு பேர், ஏற்கெனவே நண்பர்கள், தாங்களாகவே கிளம்பியவர்கள். நாவலில் எத்தனை பேர் என்றே தெரியாத கூட்டம், பாதிப் பேர் ஒருவரையொருவர் முன்பின் பார்த்ததில்லை, சுடப்பட்ட விமானத்திலிருந்து விழுந்தவர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது மாறினால் என்ன மாறுகிறது என்று கேட்பதுதான் சுவாரசியம். இன்னொன்று: டோங்கா பையன்கள் ஊர் திரும்பியதும், படகைத் திருடினார்கள் என்று போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. வார்னர்தான் பணம் கட்டி வெளியே எடுத்தார். பெரியவர்களின் வருகையைப் பற்றி மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு பொண்ணுகூட இல்லையே, அதைக் குறையாச் சொல்லலாமா?

சொல்லலாம். கோல்டிங்கிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். நான் சிறுவனாக இருந்திருக்கிறேன், சகோதரனாகவும் தகப்பனாகவும் இருக்கிறேன், பெண்ணாக இருந்ததில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். அந்தப் பதில் போதுமா என்பது உங்கள் பாடு. பெண் என்று நாவலில் வருவது யார் யார் என்று ஒரு மாணவி தேடினாள். பிக்கி எடுத்ததற்கெல்லாம் இழுக்கும் அத்தை, பேச்சில் மட்டும். நேரில் வருவது குட்டிகளோடு படுத்திருந்த அந்தத் தாய்ப்பன்றி. அதை அவர்கள் எப்படிக் கொல்கிறார்கள் என்று படித்தபிறகு, அவள் கட்டுரைக்கு வேறு விஷயம் தேவைப்படவில்லை.

"பசங்க காட்டுமிராண்டிகளா, பழங்குடிகளா மாறிட்டாங்க"ன்னு எழுதலாமா?

நாவல் அந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறது, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்க வேண்டாம். முகத்தில் சாயம் பூசினால் பழங்குடி, பழங்குடி என்றால் கொலைகாரன் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 'கோரல் ஐலண்ட்' என்று ஆர். எம். பாலன்டைன் 1850-களில் எழுதிய சாகசக் கதை ஒன்று உண்டு. மூன்று பிரிட்டிஷ் பையன்கள் தீவில் ஜாலியாகச் சமாளிப்பார்கள், கொடுமை எல்லாம் வெளியிலிருந்து வருகிறவர்களிடம்தான் இருக்கும். ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களைக்கூடக் கோல்டிங் அங்கிருந்துதான் எடுத்தார். அந்தக் கதையைத் தலைகீழாக்குவதுதான் அவர் நோக்கம்.

நாம் காட்டுமிராண்டிகள் இல்லை, நாம் ஆங்கிலேயர்கள், எல்லாவற்றிலும் நாம்தான் சிறந்தவர்கள் என்று இரண்டாம் அத்தியாயத்தில் முழங்குகிறவன் யார் தெரியுமா? ஜாக். இதைக் கோல்டிங் கிண்டலாகத்தான் வைத்திருக்கிறார். இருந்தாலும் சாயம், ஈட்டி, நடனம் என்று அவர் எடுத்த படங்கள் பழைய சாகசக் கதைகளின் பெட்டியிலிருந்தே வந்தவை. கிண்டல் முழுசாக வேலை செய்கிறதா, இல்லை பழைய இழிவும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறதா? எனக்கு இரண்டாவதுதான் படுகிறது. நீங்கள் மறுக்கலாம்.

படம் பாத்தாப் போதாதா?

1963-ல் பீட்டர் புரூக் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் நாவலை ஒட்டிப் போகிறது. 1990-ல் ஹாரி ஹூக் எடுத்ததில் பையன்கள் அமெரிக்க ராணுவப் பள்ளி மாணவர்கள், காயம்பட்ட விமானி உயிரோடு தீவில் இருக்கிறார். பாராசூட் பிணம் கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதினால் கையும் களவுமாகப் பிடிபடுவீர்கள்.

நான் அங்க இருந்திருந்தா யாரா இருந்திருப்பேன்னு எழுதணுமா?

கட்டாயமில்லை. எழுதினால் கொஞ்சம் கூச்சப்படுகிற அளவுக்கு எழுதுங்கள். எல்லோரும் ரால்ஃப், அமைதியானவர்கள் சைமன். இத்தனை வருடத்தில் ஜாக் என்று ஒப்புக்கொண்டவர்கள் இரண்டு பேர்தான். நான் என்னை மாரிஸாகப் பார்க்கிறேன். நாலாம் அத்தியாயத்தில் ராஜரோடு சேர்ந்து பொடியன்களின் மணல்வீடுகளை உதைத்துத் தள்ளுகிறான், பெர்சிவலின் கண்ணில் மண் விழுந்துவிடுகிறது. திட்ட யாரும் இல்லை என்றாலும், திட்டு விழப்போகிறது என்ற பழைய பயம் மாரிஸைப் பிடித்துக்கொள்கிறது. நீந்தப் போகிறேன் என்று எதையோ முணுமுணுத்துவிட்டு ஓடிவிடுகிறான். நின்று கண்ணைத் துடைத்துவிட்டிருக்கலாம்.

கடைசியில அதிகாரி கேட்டப்போ ரெண்டு பேர் செத்ததா ரால்ஃப் சொல்றான். எனக்கு மூணு வருதே. நான் தப்பா எண்ணிட்டேனா?

தப்பில்லை, உங்கள் எண்ணிக்கைதான் சரி. சைமன், பிக்கி என்று ரால்ஃப் இரண்டு பேரை எண்ணுகிறான். இரண்டாம் அத்தியாயத்தில், முதல் தீ கைமீறிப் பரவியபோது, முகத்தில் பெரிய மச்சம் இருந்த ஒரு பொடியன் காணாமல் போனான். மிருகத்தைப் பற்றி முதன்முதலில் பேசியவனே அவன்தான். அதன்பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. தலை எண்ணவே இல்லை, பெயர்களை எழுதி வைக்கவே இல்லை என்று பிக்கி அன்றைக்கே கத்தினான். மொத்தம் எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டதற்கும் ரால்ஃபிடம் பதில் இல்லை, தலையை ஆட்டுகிறான்.

அப்படியானால் சுப முடிவுதானே என்று கேட்கிறவர்களும் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பல வாரம் அணையாமல் காக்கப் பார்த்த தீயைக் கண்டு எந்தக் கப்பலும் வரவில்லை; ரால்ஃபைக் கொல்ல வைத்த தீயைக் கண்டு வருகிறது. பிரிட்டிஷ் பையன்கள் இன்னும் கொஞ்சம் ஒழுங்காக நடந்திருக்கலாமே என்கிற மாதிரி அதிகாரி பேசுகிறார், அந்தப் பழைய சாகசக் கதையின் பெயரையும் சொல்கிறார். பெர்சிவல் முன்னால் வந்து நிற்கிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் அழுதுகொண்டே தன் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி வரைக்கும் ஒப்பித்தவன். இப்போது "நான்..." என்று ஆரம்பிக்கிறான், அதற்குமேல் எதுவும் வரவில்லை.

ரால்ஃப் அழத் தொடங்குகிறான், மற்றவர்களும் சேர்ந்து அழுகிறார்கள். அதிகாரிக்குச் சங்கடமாகிவிடுகிறது. அவர்கள் அழுது தேறட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தூரத்தில் நிற்கும் தன் போர்க்கப்பலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்.